சுபாரு பிஆர்இசட்டுக்கு எக்ஸாஸ்ட் மாற்றுவது: எதை வாங்கலாம், எதைத் தொடவேண்டாம்

கேள்வி இது: "கலிபோர்னியாவில் இருக்கிறேன். 2014 சுபாரு பிஆர்இசட், மேனுவல் கியர், செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பவரும் போதவில்லை, சத்தமும் போதவில்லை. சைலன்சர் மட்டும் மாற்றினால் போதுமா, ஹெடர் வரை போக வேண்டுமா? தினமும் ஃப்ரீவேயில் ஆபீஸ் போகிற வண்டி. எப்போதாவது டிராக்குக்கும் கொண்டுபோக ஆசை. பட்ஜெட் 1500 டாலர்."

நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியில் பவர் இருப்பது எக்ஸாஸ்டின் முதல் ஒரு மீட்டரில். சத்தம் இருப்பது கடைசி ஒரு மீட்டரில். அந்த முதல் மீட்டரில் கை வைக்க நீங்கள் இருக்கும் மாநிலம் சுலபத்தில் விடாது. ஆகவே உங்கள் 1500 டாலருக்குக் கிடைக்கப்போவது சத்தமும், வாங்கும் பொருளைப் பொறுத்துக் கொஞ்சம் எடைக் குறைப்பும்தான். இதை ஒத்துக்கொண்டு கடைக்குப் போனால் நல்ல பொருளாகப் பார்த்து வாங்கலாம். சைலன்சரில் குதிரைத்திறன் தேடினால் ஏமாற்றம்தான்.

உங்கள் வண்டியின் அமைப்பைப் பார்த்துவிடுவோம். எஞ்சினுக்கு அடியில் ஹெடர், அதாவது எஞ்சினிலிருந்து புகையை வாங்கி ஒன்றுசேர்க்கும் குழாய்த் தொகுப்பு. புகையின் மாசைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (சுருக்கமாக கேட்) இரண்டில் முதலாவது அதற்குள்ளேயே இருக்கிறது. அடுத்து ஓவர்பைப் என்று சொல்லும் சின்ன வளைவுக் குழாய். அதன்பின் ஃபிரண்ட் பைப், அதில் இரண்டாவது கன்வெர்ட்டர். அப்புறம் நடுப்பைப், கடைசியில் பம்பருக்கு அடியில் குறுக்காகப் படுத்திருக்கும் பெரிய சைலன்சர். கடைசி கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் அது கேட்-பேக். பின்பக்க சைலன்சரை மட்டும் மாற்றினால் ஆக்ஸில்-பேக். விளம்பரங்களில் இவை எல்லாவற்றையும் ஒரே பெயரில் போட்டு விற்பார்கள். எங்கிருந்து எங்கே வரை குழாய் வருகிறது என்று படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பவர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் எஃப்ஏ20 எஞ்சின் 2 லிட்டர் பாக்சர், அதாவது சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்திருக்கும் ரகம். 7000 ஆர்பிஎம்மில் 200 குதிரைத்திறன், 151 பவுண்ட்-அடி டார்க் (சுழற்றும் விசை). டர்போ கிடையாது. சக்கரத்தில் டைனோ என்ற பவர் அளக்கும் கருவியை வைத்து அளந்தால் 165, 170 என்ற அளவில் காட்டும். இதற்கு நல்ல கேட்-பேக் போட்டால் இரண்டிலிருந்து ஐந்து குதிரைத்திறன் வரை கூடினாலே பெரிய விஷயம். அதே வண்டியைக் காலையில் ஒரு முறையும் வெயில் ஏறியபின் ஒரு முறையும் டைனோவில் ஓட்டினாலே அந்த அளவு வித்தியாசம் வந்துவிடும்.

எனவே விற்பனைப் பக்கத்தில் டைனோ வரைபடம் பார்த்தால் சில கேள்விகள் கேளுங்கள். மாற்றுவதற்கு முன் எடுத்த அளவும் பின் எடுத்த அளவும் ஒரே நாளில், ஒரே டைனோவில் எடுத்ததா? இடையில் இசியூ டியூனும், அதாவது எஞ்சினை இயக்கும் கணினியின் மென்பொருளில் மாற்றமும், செய்துவிட்டார்களா? செங்குத்து அச்சு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா, 140இலிருந்து தொடங்குகிறதா? "அதிகபட்சம் 12 குதிரைத்திறன் கூடுகிறது" என்று எழுதியிருந்தால், அது உச்ச பவரில் வந்த கூடுதலா, இல்லை இரண்டு கோடுகளும் எங்கே அதிகமாக விலகுகின்றனவோ அந்த ஓர் இடத்தில் எடுத்ததா? பெரும்பாலும் இரண்டாவதுதான். அந்த இடம் நீங்கள் எப்போதாவது தொட்டுவிட்டுப் போகும் ஆர்பிஎம்மாக இருக்கும்.

"போதவில்லை" என்று நீங்கள் உணர்வது உங்கள் கற்பனை இல்லை. முதல் தலைமுறை பிஆர்இசட்டிலும் அதன் இரட்டையான டொயோட்டா 86இலும் 3500க்கும் 4500க்கும் நடுவில் டார்க் ஒரு குழியில் இறங்கி ஏறும். ஓவர்டேக் எடுக்க ஆக்சிலரேட்டரை அழுத்தும் நேரத்தில் சரியாக அங்கேதான் இருப்பீர்கள். வண்டி ஒரு கணம் யோசிக்கிற மாதிரி இருக்கும். இந்தக் குழியில் ஹெடருக்குப் பெரிய பங்கு உண்டு. எக்ஸாஸ்ட் வால்வ் திறந்தவுடன் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் ஒலி வேகத்தில் ஓடுகிறது. குழாய்கள் சேரும் இடத்தில் அதன் எதிரொலி இழுப்பு அலையாகத் திரும்பி வருகிறது. காற்று உள்ளே வரும் வால்வும் புகை வெளியே போகும் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சின்ன நேரத்தில் இழுப்பு அலை வந்து சேர்ந்தால் எரிந்த புகையை வெளியே இழுத்து, புதுக் காற்றையும் உள்ளே கொண்டுவரும். அந்த நேரத்தில் அழுத்த அலை வந்தால் புகை திரும்ப உள்ளே தள்ளப்படும். குழாயின் நீளம் மாறாது, ஆனால் எஞ்சின் வேகம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே ஓர் ஆர்பிஎம்மில் நன்மை செய்யும் அதே ஹெடர் இன்னோர் ஆர்பிஎம்மில் கெடுதல் செய்கிறது. நல்ல ஹெடரும் அதற்கேற்ற இசியூ டியூனும் சேர்ந்தால் அந்தக் குழி பெருமளவு நிரம்பிவிடும். உச்சத்திலும் சக்கரத்தில் 15 குதிரைத்திறன் வரை கூடுவது சாதாரணம். பின்னால் இருக்கும் சைலன்சரை மாற்றி இந்தக் குழியை நிரப்ப முடியாது.

"பேக் பிரஷர் கொஞ்சம் இருந்தால்தான் டார்க் வரும்" என்று எந்த ஷெட்டுக்குப் போனாலும் ஒருவர் சொல்வார். புகை வெளியேறுவதை எதிர்க்கும் அழுத்தம்தான் பேக் பிரஷர். பேக் பிரஷர் எந்த எஞ்சினுக்கும் உதவாது. அளவுக்கு மீறிப் பெரிய குழாய் போட்டால் புகையின் வேகம் குறைகிறது, மேலே சொன்ன அலைகளின் கணக்கும் கெடுகிறது, அதனால் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை குறையலாம். அதைத்தான் பேக் பிரஷர் போய்விட்டது என்று தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உங்கள் எஞ்சினுக்கு இரண்டரை அங்குலக் குழாய் தாராளம். 3 அங்குலக் குழாயின் குறுக்குப் பரப்பு அதைவிட 44 சதவீதம் அதிகம். 200 குதிரைத்திறனுக்கு அது தேவையே இல்லை. எடை கூடும், தரையில் உரசும், சத்தம் காலியான தகர டப்பா மாதிரி ஆகும். நாளைக்கு டர்போ போடும் திட்டம் இருந்தால் மட்டும் 3 அங்குலம் பாருங்கள்.

சரி, ஹெடர்தான் மருந்து என்றால் ஏன் தடுக்கிறேன்? கன்வெர்ட்டர் அதற்குள் இருப்பதால். கலிபோர்னியா வாகனச் சட்டம் 27156ஆம் பிரிவு, மாசுக் கட்டுப்பாட்டுக் கருவியை மாற்றும் பாகங்களுக்கு விலக்கு கொடுக்கப்பட்டிருந்தால் ஒழியத் தடை சொல்கிறது. அந்த விலக்கைக் கொடுப்பது கார்ப் எனப்படும் மாநிலக் காற்று வாரியம். அதற்கு இஓ எண் (நிர்வாக ஆணை எண்) என்று ஒன்று உண்டு. பாகத்தின் மீதோ அதோடு வரும் ஸ்டிக்கரிலோ அந்த எண் இருக்க வேண்டும், உங்கள் வண்டியின் மாடலும் வருடமும் அந்த ஆணைக்குள் வர வேண்டும். கார்ப் இணையதளத்தில் எண்ணைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். விற்பவர் "இது கேட் உள்ள ஹெடர்தான், பிரச்சினை இல்லை" என்று சொல்வது போதாது. கேட் இருப்பது வேறு, இஓ எண் இருப்பது வேறு. "ரேஸ் உபயோகத்துக்கு மட்டும்" என்று அச்சடித்திருந்தால் அது உங்களைக் காப்பாற்ற அச்சடித்தது இல்லை, விற்றவரைக் காப்பாற்ற அச்சடித்தது.

புது வண்டிகளுக்கு ஸ்மாக் என்ற புகை மாசுச் சோதனையிலிருந்து எட்டு வருடச் சலுகை உண்டு, உங்கள் வண்டி 2014 மாடல் என்பதால் அந்தக் காலம் முடிந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஸ்மாக் சோதனை உண்டு. அடியில் குனிந்து பார்ப்பார்கள். 2021 ஜூலையிலிருந்து இசியூவில் இருக்கும் மென்பொருள் கம்பெனி கொடுத்ததுதானா என்றும் சோதனைக் கருவி பார்க்கிறது. ஆகவே ஹெடரோடு சேர்த்துச் செய்யும் டியூனுக்கும் இஓ எண் வேண்டும். சோதனைக்கு முந்தின நாள் பழையதை மாட்டி, மறுநாள் கழற்றும் வேலையைச் சிலர் செய்கிறார்கள். இந்த எஞ்சினில் ஹெடர் கழற்றுவது அரை நாள் வேலை, எஞ்சினின் அலுமினியத் தலையில் இருக்கும் ஸ்டட் (ஹெடரைப் பிடிக்கும் திருகாணி) முறிந்தால் அரை நாள் ஒரு வாரமாகும். எனக்கு அந்த வாழ்க்கை வேண்டாம்.

ஹெடரைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும், ஏனென்றால் நீங்கள் "சுபாரு சத்தம்" தேடித்தான் வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பழைய டர்போ சுபாருக்களின் அந்தக் குமுறல் ஹெடரிலிருந்து வருகிறது. பாக்சர் எஞ்சின் வெடிக்கும் வரிசை 1-3-2-4. ஒன்றும் மூன்றும் ஒரு பக்கம், இரண்டும் நான்கும் மறுபக்கம். அதாவது ஒரு பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு, அப்புறம் மறுபக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு. நான்கு குழாய்களும் ஒரே நீளமாக இருந்தால் நான்கு அடிகளும் சம இடைவெளியில் வந்து சேர்ந்து வழுவழுப்பான சத்தம் கேட்கும். நீளம் சமமில்லாமல் இருந்தால் அடிகள் முன்பின்னாக வந்து சேரும், அந்தக் குமுறல் பிறக்கும். சைலன்சரை மட்டும் மாற்றி அந்தச் சத்தம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இப்போது இருக்கும் சத்தத்தையே பெரிதாகவும் கொஞ்சம் அடர்த்தியாகவும் கேட்பீர்கள், அவ்வளவுதான்.

சத்தம் என்று வந்தபின், நீங்கள் உண்மையில் பயப்படவேண்டியது ட்ரோனுக்கு. அதாவது ஒரே வேகத்தில் போகும்போது காதுக்குள் அடைத்துக்கொண்டு விடாமல் அதிரும் அந்த இரைச்சல். இது உங்கள் வண்டியில் எங்கே வரும் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆறாவது கியர் விகிதம் 0.767, பின்பக்க விகிதம் 4.10, டயர் 215/45 ஆர்17. இதில் மணிக்கு 70 மைல் போனால் எஞ்சின் சுமார் 3000 ஆர்பிஎம் சுற்றும். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. 3000ஐ 60ஆல் வகுத்து இரண்டால் பெருக்கினால் வினாடிக்கு 100. அதாவது நீங்கள் தினமும் ஆபீஸ் போகும் வேகத்தில் 100 ஹெர்ட்ஸ் சத்தம் இடைவிடாமல் காபினுக்குள் வரும். கார்களின் உட்புறம் எளிதாக எதிரதிர்வு கொடுக்கும் தாழ்ந்த அலைவரிசை இது. பஞ்சு அடைத்த சைலன்சர் உயர்ந்த சத்தங்களை நன்றாக விழுங்கும், இந்த 100 ஹெர்ட்ஸை அவ்வளவாக விழுங்காது. அதனால்தான் வெளியே நின்று கேட்பவருக்கு அருமையாக இருக்கும் எக்ஸாஸ்ட் உள்ளே உட்கார்ந்து ஓட்டுபவருக்குத் தலைவலி கொடுக்கிறது.

இதற்கு மூன்று வழி உண்டு. ஒன்று, நடுப்பைப்பில் ரெசொனேட்டர் (சத்தத்தை அடக்கும் கூடுதல் அறை) உள்ள கேட்-பேக் வாங்குவது. இரண்டு, கம்பெனி நடுப்பைப்பை அப்படியே விட்டு ஆக்ஸில்-பேக் மட்டும் மாற்றுவது. மூன்று, குழாயின் ஓரத்தில் ஒரு முனை அடைத்த கிளைக் குழாய் வைத்து வெல்டிங் செய்வது. கிளைக்குள் போன அலை முட்டித் திரும்பி வந்து அதே அலைவரிசையை அடித்துவிடும். அதன் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். பின்பக்கக் குழாயின் சூட்டில் ஒலி வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 490 மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் 100 ஹெர்ட்ஸுக்கு 1.2 மீட்டர் வருகிறது. பிஆர்இசட்டுக்கு அடியில் அவ்வளவு நீளத்துக்கு இடம் கண்டுபிடிப்பது கஷ்டம், மடித்துத்தான் வைக்கவேண்டும். ஆகவே ரெடிமேட் வாங்குபவருக்கு முதல் இரண்டு வழிகள்தான்.

யூடியூப் வீடியோவை வைத்து எக்ஸாஸ்ட் தேர்ந்தெடுக்காதீர்கள். ஃபோன் மைக் தாழ்ந்த சத்தத்தைச் சரியாகப் பிடிக்காது, பெரிய சத்தத்தைத் தானே குறைத்துப் பதிவு செய்யும். போதாததற்கு எல்லா வீடியோவிலும் வண்டியை நிறுத்தி வைத்து ரெவ் செய்கிறார்கள். எஞ்சினுக்கு லோடு இல்லாதபோது ட்ரோனே வராது. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மாடலைப் போட்டிருக்கும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். 86, பிஆர்இசட் வைத்திருப்பவர்கள் பேசப் பிரியப்படுகிறவர்கள், கேட்டால் ஒரு ரவுண்டு கூட்டிப்போவார்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஆறாவது கியரில் 65இலிருந்து 75 மைல் வரை, லேசான ஏற்றத்தில், கண்ணாடி ஏற்றிவிட்டுக் கேளுங்கள். அந்த நேரத்தில் இருவரும் சாதாரணக் குரலில் பேச முடிகிறதா என்பதுதான் பரீட்சை.

உதாரணமாக இன்விடியா என்ற எக்ஸாஸ்ட் கம்பெனியின் என்1, க்யூ300 என்ற இரண்டு மாடல்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கம்பெனி. என்1 நல்ல சத்தம், ஆனால் தினசரி ஃப்ரீவேக்கு அதிகம். க்யூ300 அடக்கமானது. உங்கள் உபயோகத்துக்கு இரண்டாவது ரகத்தைத்தான் சொல்வேன். டைட்டானியத்துக்கு ஆசைப்பட்டால், அதன் அடர்த்தி இரும்பில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம், ஆகவே பம்பருக்குப் பின்னால் தொங்கும் எடை நன்றாகவே குறையும். சுவர் மெல்லியது என்பதால் சத்தம் கூர்மையாக, கொஞ்சம் உலோக வாடையோடு வரும். அதைப் பிடித்தவர்களுக்கு மிகவும் பிடிக்கும். உங்கள் பட்ஜெட்டில் அது எல்லையில் நிற்கிறது. தினசரி வண்டிக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

சட்டத்தில் சத்தத்துக்கும் அளவு உண்டு. கலிபோர்னியாவில் உங்கள் ரக வண்டிக்கு 95 டெசிபல். வண்டியை நிறுத்தி, குழாய் வாயிலிருந்து 20 அங்குலத்தில், 45 டிகிரி கோணத்தில் மைக் வைத்து அளக்கும் சோதனை அது. கேட்-பேக்குக்கு இஓ எண் தேவையில்லை, ஆனால் இந்த அளவுக்குள் இருக்கிறது என்று தயாரிப்பாளர் எழுதித் தருகிறாரா என்று பாருங்கள். டிராக்கில் கதை வேறு. கலிபோர்னியாவின் லகுனா செகா ரேஸ் டிராக்கில் சாதாரண நாட்களில் எல்லை 90, 92 டெசிபல் என்ற அளவில்தான். அங்கே ஓடுபாதை ஓரத்திலிருந்து 50 அடி தள்ளி, முழு வேகத்தில் போகும்போது அளப்பார்கள். தாண்டினால் கறுப்புக் கொடி காட்டி உள்ளே கூப்பிடுவார்கள், திரும்பத் திரும்பத் தாண்டினால் வீடு. கட்டின பணம் திரும்பாது. ரேஸ் டிராக்குக்குப் போகத்தான் சத்தமான எக்ஸாஸ்ட் போடுகிறோம் என்பவர்கள் அங்கேதான் முதலில் மாட்டுகிறார்கள். பெரிய உறையோடு நன்றாக அடக்கும் சைலன்சர் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

உலோகம் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். 304 துருப்பிடிக்காத எஃகு என்று எழுதியிருந்தால் நல்லது. அதில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். மலிவான ரகம் 409, குரோமியம் 11 சதவீதம் சுற்றி. வெளியே துருக் கறை வரும், ஆனால் ஓட்டை விழ வருஷங்கள் ஆகும். காந்தம் எடுத்துப் போங்கள். 409இல் பளிச்சென்று ஒட்டும், 304இல் வளைவிலும் வெல்டிங்கிலும் லேசாக இழுக்கலாம், மற்ற இடத்தில் ஒட்டாது. வளைவுகளில் குழாய் நசுங்காமல் ஒரே விட்டம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். சுவர் 1.2 மில்லிமீட்டரைவிட 1.5 இருந்தால் தகரச் சத்தம் குறையும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் சைலன்சரைத் தட்டிப் பாருங்கள். உள்ளே அடைத்த கண்ணாடி இழை வருஷங்கள் போகப்போக எரிந்து பறந்துவிடும். வெற்று ஒலி வந்தால் உள்ளே ஒன்றுமில்லை, நீங்கள் கேட்ட வீடியோவைவிட அது அதிகம் கத்தும். பெரிய பெயரைப் போட்டு மிக மலிவாக வரும் நகல்கள் இந்த வண்டிக்கு ஏராளம். அவற்றில் முதலில் காட்டிக்கொடுப்பது ஃபிளேன்ஜ், அதாவது இரண்டு குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் தட்டு. தட்டையாக இருக்காது, போல்ட் இறுக்கினாலும் புகை கசியும்.

இன்னொரு விஷயம். உங்கள் வண்டியில் காற்று உறிஞ்சும் குழாயிலிருந்து ஒரு சின்னக் குழாய் டாஷ்போர்டு பக்கம் போகிறது. எஞ்சின் சத்தத்தைக் காபினுக்குள் கொண்டுவர கம்பெனியே வைத்தது. புது எக்ஸாஸ்ட் போட்டபின் இரண்டு சத்தமும் சேர்ந்து தொல்லையாக இருந்தால் அதைக் கழற்றி அடைக்க சின்ன மூடி கிடைக்கிறது. அதற்கு ஆகும் காசு மிகக் குறைவு.

உங்கள் இடத்தில் நானாக இருந்தால் முதலில் 500, 600 டாலர் சுற்றி ஒரு நல்ல ஆக்ஸில்-பேக், கம்பெனி நடுப்பைப்பை வைத்துக்கொண்டு. மீதிப் பணம் டயருக்கும் பிரேக் பேடுக்கும். இந்த வண்டி ஷோரூமை விட்டு வந்தபோது போட்டிருந்த டயர் பிரியஸுக்கும் போகும் ரகம், அதிலிருந்து நல்ல கோடை டயருக்கு மாறினால் டிராக்கில் நொடிக்கணக்கில் வித்தியாசம் தெரியும். எந்த சைலன்சரும் அதைத் தராது. சத்தம் இன்னும் வேண்டும் என்றால் பிறகு ரெசொனேட்டர் உள்ள கேட்-பேக்குக்குப் போகலாம், ஆக்ஸில்-பேக்கை விற்றால் பாதிப் பணம் வந்துவிடும். ஓவர்பைப், ஃபிரண்ட் பைப் இரண்டையும் விட்டுவிடுங்கள். ஓவர்பைப்பில் வருவது கொசுறு. ஃபிரண்ட் பைப்பில் இரண்டாவது கன்வெர்ட்டர் இருக்கிறது, அதே சட்டம் அதற்கும்.

மாட்டும்போது: முந்தின நாள் ராத்திரியே எல்லா போல்ட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். ரப்பர் ஹேங்கர்களுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், நான்கு ஸ்டாண்ட் வையுங்கள். கேஸ்கெட் எல்லாம் புதிது போடுங்கள், பழையதைத் திரும்ப மாட்டி மிச்சம் பிடிக்கும் இடம் இது இல்லை. எல்லா இணைப்பையும் முதலில் தளர்வாக மாட்டி, பம்பருக்கும் குழாய் வாய்க்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி வைத்து, அதன்பின் முன்னாலிருந்து பின்னால் வரை இறுக்குங்கள். சூட்டில் குழாய் நீளும், இடைவெளி இல்லாவிட்டால் பம்பர் உருகும். முதல் முறை ஓடவிட்டதும் புகையும் நாற்றமும் வரும், குழாயில் ஒட்டியிருக்கும் எண்ணெய் எரிவதுதான், பத்துப் பதினைந்து நிமிடத்தில் நின்றுவிடும். ஒரு வாரம் ஓட்டியபின் எல்லா போல்ட்டையும் இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள். கழற்றிய கம்பெனி சைலன்சரைத் தூக்கிப் போடாமல் கராஜில் ஒரு மூலையில் வையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் அதைக் கேட்பார், இருந்தால் விலையும் கொஞ்சம் கூடக் கிடைக்கும்.